ஒன்பது மாசம் பின்னாடி எண்ணு

பிரசவ வார்டில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, பிறப்புப் பதிவேட்டை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கனமான அட்டை போட்ட நீள நோட்டு அது. இடது ஓரத்தில் வரிசை எண், அடுத்து தேதி, நேரம், தாயின் வயது, எத்தனையாவது பேறு, குழந்தை ஆணா பெண்ணா, எடை எவ்வளவு. இரவுப் பணியில் கூட்டம் ஓய்ந்த பிறகு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் வரி பிசகாமல் ஏற்றிவிட்டுத்தான் கொஞ்சம் சாய முடியும். மாதக் கடைசியில் மொத்தம் போட வேண்டும்.

மூன்றாவது வருடம் வாக்கில் எனக்கு ஒன்று உறைத்தது. சில மாதங்களின் கணக்கு பக்கம் பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. சில மாதங்களுக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலான பக்கங்களே போதும். அதுவும் வருடா வருடம் ஏறக்குறைய அதே மாதங்கள். வார்டில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது வருடம் அங்கேயே இருந்தவர். அவர் நோட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "பிறந்த மாசத்தைப் பார்த்தா என்ன தெரியும்? ஒன்பது மாசம் பின்னாடி எண்ணு. அப்போ என்ன வெயில், என்ன வேலை, வீட்ல அடுப்பு எரிஞ்சுதான்னு யோசி" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து எண்ணினேன். பிரசவம் குறைந்த மாதங்களிலிருந்து ஒன்பது மாதம் பின்னால் போனால், வருடத்தின் மிகக் கொடிய வெயில் வாரங்களில் போய் நின்றது. அந்த ராத்திரியிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன், மருத்துவர்களைக் கேட்டேன், பிரசவத்துக்கு வந்த பெண்களிடமே நிறையக் கற்றுக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாகச் சேர்த்ததை ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் பஞ்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பு கணக்குப் பார்க்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடையாது.

1944 இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. உணவு வருவது தடைபட்டது, பிறகு கடுங்குளிரில் கால்வாய்களும் உறைந்தன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற நகரங்களில் ரேஷன் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழே போய், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை 400 முதல் 800 கலோரியில் நின்றது. 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சாப்பாடும் வந்தது. இந்தப் பஞ்சத்துக்குத் தொடக்கமும் முடிவும் தேதியோடு இருக்கின்றன. பிரசவக் குறிப்புகளை எழுதும் வேலையும் நிற்கவில்லை. பட்டினி உச்சத்துக்குப் போன மாதங்களிலிருந்து ஒன்பது மாதம் தள்ளி, பிறப்புகள் வழக்கத்தில் பாதிக்கும் கீழே விழுந்தன. சாப்பாடு திரும்பியதிலிருந்து ஒன்பது மாதம் தள்ளி மறுபடி ஏறின. அந்தப் பசியிலும் குளிரிலும் யாரோ ஒரு நர்ஸ் தினமும் உட்கார்ந்து பதிவேட்டை எழுதியிருக்கிறாள். அவளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவள் எழுதியிராவிட்டால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

ரஷ்யாவில் நடந்த லெனின்கிராட் முற்றுகையிலும் இதே கதைதான். 1941 குளிர்காலத்தில், வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான் ரேஷன். அங்கே பணிபுரிந்த அன்டோனோவ் என்ற குழந்தை மருத்துவர் 1947இல் எழுதிய கட்டுரையில், 1942 பிற்பாதியில் பிறப்புகள் எப்படி அடியோடு சரிந்தன என்றும், பெண்களுக்கு மாதவிடாயே நின்றுபோனது என்றும் பதிவு செய்திருக்கிறார். சீனாவில் 1957இல் ஆயிரம் பேருக்கு 34 ஆக இருந்த பிறப்பு விகிதம், பெரும் பஞ்சத்தின் கடைசி ஆண்டான 1961இல் 18 ஆனது. 1963இல் 43க்குத் தாவியது. தள்ளிப்போட்டதையெல்லாம் உடம்புகள் சேர்த்து வாங்கிக்கொண்ட மாதிரி.

நம் பக்கத்துப் பஞ்சங்களை ஆராய்ந்த டிம் டைசன் கண்டதுதான் என்னை மிகவும் உலுக்கியது. பஞ்ச காலங்களில், சாவு உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே கரு உண்டாவது குறைய ஆரம்பித்துவிடுகிறது. நாடு அதைப் பஞ்சம் என்று ஒப்புக்கொள்வதற்கு முன்னாலேயே பெண்களின் வயிறு அதைச் சொல்லிவிட்டது.

சரி, எல்லாமே கருப்பையும் சூலகமும் செய்த வேலையா என்றால், இல்லை. பஞ்சத்தில் ஆண்கள் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். ஒன்றாக இருப்பவர்களுக்கும் ஆசை அற்றுப்போயிருக்கும். உண்டானது கலைந்தும் போயிருக்கும். எல்லாம் கலந்ததுதான். ஆனால் மாதவிடாய் நின்றதற்கு இவை எதுவும் பதில் ஆகாது. அது உடம்பு தானாக எடுத்த முடிவு.

எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் உடம்பும் அந்த முடிவை எடுத்திருக்கிறது.

பத்தொன்பது வயதில் நர்ஸிங் பயிற்சியில் இருந்தேன். விடுதி வாசம். தொடர்ந்து இரவுப் பணி, பகலில் வகுப்பு, இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரத் தூக்கம். பசி மரத்துப்போயிருந்தது. அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு வார்டுக்கு ஓடுவேன். சீருடையின் இடுப்பில் ஊக்கு குத்திக்கொள்ளத் தொடங்கினேன், பிறகு அந்த ஊக்கை இன்னும் உள்ளே தள்ளிக் குத்தினேன். முதல் மாதம் நாள் தள்ளிப்போனபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு, மூன்று என்று ஐந்து மாதம் ஆகிவிட்டது. பயந்துபோய் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது யாரோடு பழகுகிறாய் என்றுதான். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, "எல்லாம் மனசுதான், கண்டதையும் நினைக்காதே" என்று அனுப்பிவிட்டார். என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்து மாடிப்படி முனையில் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. நான் ஏதோ தப்பு செய்துவிட்டு அகப்பட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்புறம் நீண்ட விடுமுறை வந்தது. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன், சாப்பிட்டேன். ஏழாவது வாரம் தானாக வந்துவிட்டது.

அந்த ஐந்து மாதம் என் உடம்புக்குள் என்ன நடந்தது என்று எனக்குப் புரிய இன்னும் பத்து வருடம் ஆனது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு பகுதி. அது ஒரு ஹார்மோனை ஒழுங்கான இடைவெளியில், ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, விட்டுவிட்டுச் சொட்டுகிறது. அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி என்ற சுரப்பி சூலகத்துக்குத் தகவல் அனுப்புகிறது, முட்டை முதிர்கிறது. சொட்டும் தாளம் மந்தமானால் முட்டை வெளிவராது. இன்னும் மந்தமானால் மாதவிடாயே நின்றுவிடும். நோய் எதுவும் இல்லை, உறுப்புகளில் ஒரு பழுதும் இல்லை. மேலே இருந்து வரும் தாளம் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

தாளத்தை அடக்குவது எது? ஹார்வர்டில் இருந்த ரோஸ் ஃபிரிஷ் 1970களில், உடம்பில் குறிப்பிட்ட அளவு கொழுப்பு சேர்ந்தால்தான் ஒரு பெண் பருவமடைவாள், அது குறைந்தால் மாதவிடாய் நிற்கும் என்று வாதிட்டார். பலர் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர் விளையாட்டு வீராங்கனைகளிடம் கண்டது மறக்க முடியாதது. பருவமடைவதற்கு முன்பே கடும் பயிற்சி தொடங்கிய பெண்களுக்கு, அப்படிப் பயின்ற ஒவ்வொரு வருடத்துக்கும் ஐந்து மாதம் வீதம் பருவமடைவது தள்ளிப்போயிருந்தது. பிறகு 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக்கூடம் லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவிலிருந்து கிளம்பி, கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குப் போய்ச் சொல்லும் தூதன் அது. லெப்டின் இல்லாமல் பிறப்பவர்கள் மிக அரிது. அவர்களுக்கு எவ்வளவு எடை இருந்தாலும் பருவம் தானாக வருவதில்லை. ஊசி வழியாக லெப்டின் கொடுத்தபோது வந்தது. உடம்பில் கொழுப்பு இருந்தால் மட்டும் போதாது, இருக்கிறது என்ற செய்தி மேலே போய்ச் சேர வேண்டும்.

ஆனால் கையிருப்பு மட்டும்தான் கணக்கு என்று நினைத்தால் தவறு. மானுடவியலாளர் பீட்டர் எல்லிசன் இதை விளக்கும் விதம், வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் எவருக்கும் சட்டென்று புரியும். பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று. இந்த மாதம் வரவு கூடவா, செலவு கூடவா என்பது இரண்டாவது. வரவும் செலவும் சரிக்குச் சரி என்றாலும், எவ்வளவு வேகத்தில் புரள்கிறது என்பது மூன்றாவது. உடம்பு மூன்றையும் பார்க்கிறது. பெட்டி நிறைய இருந்தாலும் மாதா மாதம் துண்டு விழுந்தால் புதிதாக ஒரு பெரிய செலவை யாராவது இழுத்துவிட்டுக்கொள்வார்களா? ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றுப் பாலூட்டுவது உடம்புக்கு எவ்வளவு பெரிய செலவு!

இதை எல்லிசனும் அவரைச் சேர்ந்தவர்களும் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. எச்சில்தான். முட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் எச்சிலிலும் இருக்கிறது. சின்னக் குழாயில் துப்பித் தரச் சொன்னால் போதும், காட்டுக்குள்ளே இருக்கும் பெண்ணிடமிருந்தும் தினமும் வாங்கலாம். அப்படித்தான் காங்கோவின் இட்டூரி காட்டில் லெஸே பெண்களிடம் வாங்கினார்கள். பழைய விளைச்சல் தீர்ந்து புதியது வருவதற்கு முந்தைய பசி மாதங்களில் அவர்களுடைய எடை குறைந்தது, கூடவே புரோஜெஸ்டிரானும் இறங்கியது. நேபாள மலைச்சரிவில் தாமாங் பெண்களிடம் கேத்தரின் பேன்டர்-பிரிக் பார்த்தபோது, மழைக்கால வயல் வேலையில் எடை இழந்தவர்களுக்கு அதே மாதிரி ஆனது.

மூன்றாவது இடம் போலந்து. அதுதான் எனக்கு முக்கியம். கிரஸினா யாசியென்ஸ்கா அங்கே பண்ணை வேலை செய்யும் பெண்களைக் கவனித்தார். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். எடை குறையவில்லை. பட்டினியின் சாயல்கூட இல்லை. இருந்தும் அறுவடைக் காலத்தின் கடும் உழைப்பில் புரோஜெஸ்டிரான் இறங்கியது. உழைப்பே போதும்! இதைப் படித்த அன்றைக்குத்தான் என் ஊக்குக் குத்திய சீருடையும் அந்த இரவுப் பணிகளும் எனக்கு முழுசாகப் புரிந்தன. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள், சுமை தூக்கும் பெண்கள், கரு தங்கவில்லை என்று வரும்போது, முதல் கேள்வியாக அவர்களுடைய வேலையைப் பற்றிக் கேட்கும் பழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்தது. கேட்டதும் பலர் அழுதுவிடுவார்கள். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பால் கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வார்டை விட்டுக் கிளம்பும்போது பாதிப் பேர் கேட்பது இதைத்தான். "பால் குடுக்குறேனே சிஸ்டர், தங்காதுல்ல?"

குழந்தை சப்பும் ஒவ்வொரு முறையும் மார்பிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. முன்னே சொன்ன அந்தத் தாளத்தை அது அடக்கி வைக்கிறது. எத்தனை முறை சப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கலஹாரிப் பாலைநிலத்தில் வேட்டையாடியும் கிழங்கு, கொட்டைகளைச் சேகரித்தும் வாழ்ந்த குங் மக்களை மெல்வின் கானரும் கரோல் வொர்த்மனும் கவனித்து 1980இல் எழுதினார்கள். அங்கே குழந்தை எப்போதும் தாயின் இடுப்பில். மணிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் மட்டும், வாய் வைத்துவிட்டு எடுத்துவிடும். இரண்டு வயது தாண்டியும் அப்படியே. கருத்தடை எதுவும் இல்லாமலே அவர்களுடைய இரண்டு பிரசவங்களுக்கு நடுவில் சராசரியாக 44 மாதம் இருந்தது. காம்பியாவின் கெனெபா கிராமத்தில் பாலூட்டும் தாய்மார்களுக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்துப் பார்த்தபோது, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் குறைந்து, மாதவிடாய் சீக்கிரம் திரும்பியது. ஆக அதிலும் கையிருப்புக் கணக்கு வந்து கலந்துகொள்கிறது.

அதனால் அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான். 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் வல்லுநர்கள் கூடி எடுத்த முடிவு: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே அல்லது ஏறக்குறைய அது மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் 98 விழுக்காடு பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் இதை நம்பி இருக்காதே. விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் அனுப்புவேன்.

இனி வெயில். என் பதிவேடு காட்டிய விஷயம். ஆணின் விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே, உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கத்தான். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 74 நாள் ஆகிறது, அந்த நாட்களில் எப்போது சூடு தாக்கினாலும் பாதிப்பு உண்டு. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் வெளியில் வேலை செய்யும் ஆண்களுக்குக் கோடையில் விந்தணு எண்ணிக்கை குளிர்காலத்தைவிடக் குறைவாக இருந்ததாக 1990இல் ஒரு ஆய்வு வந்தது. பிறகு அமெரிக்கா முழுவதற்குமான பல பத்தாண்டுகளின் பிறப்புக் கணக்கை வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தார்கள். கடும் வெயில் நாட்கள் கூடினால் எட்டிலிருந்து பத்து மாதம் கழித்துப் பிறப்புகள் குறைகின்றன, அதற்கடுத்த சில மாதங்களில் அதில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. ஏர் கண்டிஷனர் பரவிய பிறகு இந்தத் தாக்கம் மங்கியது. அப்படியானால் யாருடைய வீட்டில் அது இல்லையோ அவர்கள் தலையில்தான் வெயில் இன்னும் இந்தக் கணக்கைச் சுமத்துகிறது. உலகம் சூடேறிக்கொண்டே போகும்போது இதை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். நாலு வருடமாகப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்ணுக்குச் செய்யாத பரிசோதனை இல்லை, கையில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கோப்பு. கணவர் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க தம்பி, உட்காருங்க, என்ன வேலை பார்க்குறீங்க?" என்று கேட்டேன். உலைக்கு முன்னால் பத்து மணி நேரம். முழங்கையிலிருந்து கீழே ரோமம் பொசுங்கி, தோல் வழவழவென்று இருந்தது. நாலு வருடத்தில் ஒருவரும் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. மருத்துவரிடம் சொல்லி அவருக்கு விந்துப் பரிசோதனை எழுத வைத்தேன். மூன்று மாதமாவது உலையை விட்டுத் தள்ளி வேறு வேலை கேட்டு வாங்கச் சொல்லி, காரணத்தையும் விளக்கி மருத்துவரே அனுப்பினார். அந்தப் பெண் போகும்போது கோப்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு நடந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இதுவரை சொன்னதெல்லாம் மாதக் கணக்கு. இனிச் சொல்வது வருடக் கணக்கு, ஒரு பெண் எப்போது பெண்ணாகிறாள் என்பது. இதில் என் வீடும் வருகிறது.

என் மகள் பத்தரை வயதில் பருவமடைந்தாள். குளியலறையிலிருந்து "அம்மா, இங்க வாயேன்" என்று அவள் கூப்பிட்ட குரலில் இருந்த பயம் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. எத்தனையோ பிரசவம் பார்த்த எனக்கே கை ஓடவில்லை. எனக்குப் பதினான்கில், என் அம்மாவுக்குப் பதினாறு முடிந்து. மூன்று தலைமுறையில் ஆறு வருடம் கீழே இறங்கிவிட்டது.

உலகம் முழுக்க இந்த இறக்கம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஐரோப்பாவில் பதினாறு, பதினேழு வயது என்பது சாதாரணம். இன்று பல நாடுகளில் பன்னிரண்டு, பதின்மூன்று. நல்ல சாப்பாடு, குறைந்த நோய், குறைந்த உழைப்பு எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுத்தன. ஆனால் "வசதி கூடினால் வயது குறையும்" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன பெண் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1991இல் வந்தது. அவர்களில் பாதிப் பேர் 11.6 வயதுக்குள் பருவமடைந்திருந்தார்கள். ஸ்வீடன் பெண்களைவிடவும் சீக்கிரம், இந்தியாவில் வசதியாக வளர்ந்த பெண்களைவிடவும் சீக்கிரம். வந்து சேர்ந்தபோது வளர்ச்சி குன்றியிருந்து, பிறகு மளமளவென்று வளர்ந்த குழந்தைகள்தான் இன்னும் சீக்கிரம் பருவமடைந்தார்கள். பஞ்சத்துக்கு என்று கணக்குப் போட்டு வைத்திருந்த உடம்பு, திடீரென்று வரவு கொட்டுவதைப் பார்த்து அவசர அவசரமாகக் கதவைத் திறந்திருக்கிறது.

சில்ஹட்டிலிருந்து லண்டனுக்குப் போன வங்கதேசப் பெண்களிடமும் இதே கோட்டில் ஒன்று தெரிந்தது. சின்ன வயதில், எட்டு வயதுக்குள் போனவர்கள் சீக்கிரம் பருவமடைந்தார்கள், வளர்ந்த பிறகும் அவர்களுடைய புரோஜெஸ்டிரான் அளவு உயர்ந்தே இருந்தது. வளர்ந்து பெரியவர்களான பிறகு போனவர்களுக்கு எத்தனை வருடம் லண்டனில் இருந்தாலும் அந்த அளவு எட்டவில்லை. சின்ன வயதில் கண்ட உலகத்தை வைத்து உடம்பு தன் அளவைக் குறித்துக்கொண்டுவிடுகிறது. பிறகு மாற்றி எழுதுவது கடினம்.

தகப்பன் இல்லாத வீட்டுப் பெண்கள் சீக்கிரம் பருவமடைகிறார்கள் என்று 1990களிலிருந்து ஒரு பேச்சு உண்டு. நான் அதை முழுதாக ஏற்கவில்லை. சீக்கிரம் பருவமடைந்த தாய்க்கு மகளும் அப்படியே பிறக்கலாம், அந்தத் தாய் சின்ன வயதிலேயே மணமாகிக் கைவிடப்பட்டும் இருக்கலாம். ஆனால் சிகாகோவைப் பற்றி மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் 1997இல் எழுதியதை என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த ஊரின் 77 பகுதிகளில், மனிதர்கள் குறைந்த வயதில் செத்துப்போகும் இடங்களில் பெண்கள் இருபதுகளின் தொடக்கத்திலேயே பெற்றுக்கொண்டிருந்தார்கள். நீண்ட காலம் வாழும் பகுதிகளில் நாலைந்து வயது தள்ளி. சீக்கிரம் பெற்ற பெண்ணுக்குப் பொறுப்பில்லை என்று பேசுபவர்கள், அவள் தெருவில் எத்தனை பேர் ஐம்பதைத் தாண்டுகிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பேசட்டும். அவள் பிள்ளையை வளர்த்துவிட ஒரு பாட்டி உயிரோடு இருக்க வேண்டாமா?

மாதவிடாய் நிற்கும் வயது மட்டும் அவ்வளவாக அசையவில்லை, ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. புகைப்பவர்களுக்கு ஓரிரு வருடம் முன்னால். படிப்பு, வேலை, வீடு என்று முதல் பிள்ளை முப்பதுக்கு மேலே தள்ளிப்போகும் காலத்தில், முட்டைகள் மட்டும் பழைய கணக்கிலேயே தீர்ந்துகொண்டிருக்கின்றன.

என் மகளுக்கு அன்றைக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துப் படுக்க வைத்தேன். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "எனக்கெல்லாம் பதினாறு முடிஞ்சுதான். நாங்க வளர்ந்த வளர்ப்பு அப்படி" என்றார். வாழ்நாள் முழுக்க அதைப் பெருமையாகவே சொல்லிவந்தவர்.

மகள் படுத்துக்கொண்டே கேட்டாள். "பாட்டி, சின்னப் பாட்டிக்கும் பதினாறா?"

அம்மா யோசித்தார். சித்தி அம்மாவுக்கு ஒன்பது வயது இளையவர். அதே தாய், அதே தகப்பன், அதே வீடு. "அவளுக்குப் பதிமூணுலயே ஆயிடுச்சே" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வலது கைக் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

"எங்கண்ணன் வேலைக்குப் போய் மொதல்ல பணம் அனுப்பினப்போ எனக்குப் பதினஞ்சு நடக்குது" என்றார் மெதுவாக. "அதுக்கு முன்னாடி ராத்திரில பாதி நாள் அடுப்பு மூட்ட மாட்டாங்க. தண்ணியக் குடிச்சிட்டுப் படுன்னு சொல்லிடுவாங்க. அவளுக்கு அப்போ ஆறு வயசு. அவளுக்கு அதெல்லாம் ஞாபகமே இருக்காது."